தொடர்கதைக்கும் ரோல்பிளேக்கும் பிழை பார்ப்பது: நாள்பட்ட பயன்பாட்டில் நின்றவையும் நிற்காதவையும்

பொழுதுபோக்காகத் தொடர்கதை எழுதுவோருக்கும், இரண்டு மூன்று பேராகப் பாத்திரமேற்று மாறி மாறி எழுதும் ரோல்பிளேக்காரர்களுக்கும் மெய்ப்புப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. எழுதியவரே பார்க்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் கைப்பேசித் திரையில். இதற்குச் சொல்லப்படும் வழிகள் நிறைய: ஒரு நாள் ஆறப்போடு, கடைசி வரியிலிருந்து மேலே படி, வாய்விட்டுப் படி, திருத்தியில் ஒட்டிப் பார். நெடுங்காலம் கைக்கொண்டால்தான் இவற்றில் எது தமிழுக்கு உண்மையில் உதவுகிறது என்பது தெரியும். ஒரே பார்வையில் எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் பழக்கம் எதுவும் இல்லை. கண் விடுவதைக் காது பிடிக்கிறது. இரண்டும் விடுவதைத் தேடல் பெட்டி பிடிக்கிறது. எந்தப் பிழைக்கு எது என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறைகிறது.

முதலிடம் கைப்பேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு. ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள், தேர்ந்தெடுத்த உரையை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. தமிழ்க் குரலைத் தரவிறக்கிக்கொண்டால் போதும். ஆயிரம் சொல் அத்தியாயத்துக்குப் பத்து நிமிடத்துக்கு முன்பின் ஆகும். எழுதியவர் தானே வாய்விட்டுப் படித்தால் நாக்கு பிழையைத் தானாகவே திருத்திச் சொல்லிவிடும், ஏனென்றால் என்ன எழுத நினைத்தோம் என்பது நினைவில் இருக்கிறது. இயந்திரத்துக்கு அந்த நினைவு இல்லை. விடுபட்ட சொல், இரண்டு முறை விழுந்த சொல், உருபு இல்லாமல் தொங்கும் பெயர், மூச்சுவாங்கும் நீள வாக்கியம் எல்லாம் உடனே காதில் இடறும். வேகத்தைக் கூட்டக் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பதும் வேண்டாம். கண் முன்னே ஓடினால் காது சோம்பிவிடுகிறது. கண்ணை மூடிக் கேட்டு, இடறிய இடத்தில் நிறுத்தித் திருத்துவதே சரி.

காது மட்டும் பிடிக்கும் ஒரு பிழை தனியாகச் சொல்லத்தக்கது. கதைகளில் அடிக்கடி வரும் சொல் ‘மௌனம்’. இதைப் பலர் ‘மெளனம்’ என்று தட்டச்சு செய்கிறார்கள். அதாவது ஔகாரக் குறி ஒன்றுக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் தனித்தனியே. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம், எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாசிப்புக் குரல் அதை ‘மெ-ள-னம்’ என்று படிக்கும்போது பிழை அம்பலமாகிவிடும். ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’, ‘சௌகரியம்’ ஆகியவற்றிலும் இதே கோளாறு. ‘மெள’, ‘கெள’, ‘பெளர்’, ‘செள’ என்று தேடினால் முழுக் கதையையும் ஒரு நிமிடத்தில் அலசிவிடலாம். ‘வெள்ளை’, ‘தெளிவு’ போன்றவற்றில் அந்தச் சேர்க்கை முறையானது என்பதால் கொம்பையும் ளகரத்தையும் மட்டும் கொடுத்து ஒட்டுமொத்தமாக மாற்றிவிடக் கூடாது.

காதால் முடியாதது ரகர றகர, லகர ளகர ழகர, ணகர னகரக் குழப்பம். ‘அவன் தோலில் சாய்ந்தாள்’ என்பதை இயந்திரக் குரல் இயல்பாகப் படித்துப் போய்விடும். எழுத்துப்பிழை திருத்தியும் விட்டுவிடும்; தோல், தோள் இரண்டுமே அகராதிச் சொற்கள். இங்கே கைகொடுப்பது ஒரு பதினைந்து வேர்ச்சொற்கள் கொண்ட சொந்தப் பட்டியல். ஒவ்வொருவர் கையும் வழக்கமாகத் தடுமாறும் இணைகள் வேறு வேறு என்றாலும் கதை எழுத்தில் திரும்பத் திரும்ப வருபவை இவை: தோல் தோள், விழித்தான் விளித்தான், எரிந்தான் எறிந்தான், இரங்கினாள் இறங்கினாள், அரை அறை, வால் வாள், பனி பணி, ஒலி ஒளி, கூரிய கூறிய. முகத்தைச் சுளிப்பதும் ஆறு சுழிப்பதும் வேறு. அத்தியாயம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் தேடி, வந்த இடங்களைப் பார்த்தால் மூன்று நான்கு நிமிடம். போர்க் காட்சியில் வீரன் வாலை உருவினால் வாசகர் அதற்கப்புறம் அந்தக் காட்சிக்குள் திரும்பி வரமாட்டார். அந்த நான்கு நிமிடம் செலவழிக்கத்தக்கது.

இந்தக் குழப்பத்தின் ஊற்றுக்கண் பெரும்பாலும் விசைப்பலகை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் ஒலிப்பு முறையில் ஷிஃப்ட் விசையை விரல் தவறவிட்டால் ளகரம் லகரமாகும், றகரம் ரகரமாகும். தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 முறையில் இந்த எழுத்துகளுக்குத் தனித்தனி விசை இருப்பதால் இவ்வகைப் பிழை வெகுவாகக் குறைகிறது. பதிலுக்கு வேறொன்று வரும். ஒரே மெய்யை அடுத்தடுத்து அழுத்தினால் முன்னதற்குத் தானாகப் புள்ளி விழும். ‘பக்கம்’ எழுத இது வசதி. நாயகி பெயர் ‘அனன்யா’ என்றால் முதல் னகரத்துக்குப் பின் அகர விசையை அழுத்த வேண்டும்; மறந்தால் ‘அன்ன்யா’ என்றாகிவிடும்.

கைப்பேசி விசைப்பலகையின் பரிந்துரை வரிசையையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை ‘முயற்ச்சி’ என்று எழுதி விட்டுவிட்டால் அது கற்றுக்கொண்டு நாளை அதையே நீட்டும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் அந்தப் பரிந்துரையை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் மறந்துவிடும். மாதம் ஒரு முறை செய்யும் வேலை இல்லை இது; கண்ணில் பட்ட அந்த நொடியே செய்ய வேண்டும்.

இந்த ‘முயற்ச்சி’ வகைக்கு விதி எளிது. றகர மெய்க்கும் டகர மெய்க்கும் பின்னால் புள்ளி வைத்த இன்னொரு மெய் வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, ஏற்கெனவே, காட்சி, கட்சி. ஆகவே ‘ற்ச்’, ‘ற்க்’, ‘ற்ப்’ என்று தேடிக் கிடைப்பதெல்லாம் அநேகமாகப் பிழை. ‘ட்ச்’ தேடலில் மட்டும் ‘வாட்ச்’, ‘மேட்ச்’ போன்ற கடன்சொற்கள் வந்து விழும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். ‘சுவற்றில்’ (சுவரில் என்பதே சரி, கிணறுதான் கிணற்றில் ஆகும்), ‘பதட்டம்’ (பதற்றம்), ‘கோர்த்து’ (கோத்து) ஆகிய மூன்றையும் இதே சுற்றில் தேடிவிடலாம்.

பாதிக் கதையில் பாத்திரத்தின் பெயரை மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கண்ணன்’ என்று தேடினால் ‘கண்ணனை’, ‘கண்ணனுக்கு’ கிடைக்காது, ஏனெனில் அங்கே புள்ளி இல்லை. புள்ளியை விட்டு ‘கண்ணன’ என்று தேடினால் பெரும்பாலான செயலிகளில் எல்லாமே கிடைக்கும். ஆனால் அதை ஒட்டுமொத்தமாக ‘வேலு’ என்று மாற்றினால் உகரக் குறி இரட்டித்துக் குறிகள் உடைந்து நிற்கும். ‘கலா’வை ‘மாலா’ ஆக்கினால் ‘கலாட்டா’ ‘மாலாட்டா’ ஆகிவிடும். பெயர் மாற்றத்தை ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் செய்வதே நேரம் மிச்சம்.

சந்திப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவியும், எழுத்துப்பிழைக்கு அவரே உருவாக்கிய வாணியும் தொடர்ந்து பயன்தரும் இணையத் திருத்திகள். உலாவியில் ஒட்டினாலே போதும். கதைசொல்லலை மட்டும் ஒட்டுங்கள். பேச்சுவழக்கு உரையாடலைச் சேர்த்து ஒட்டினால் வாணி ‘வந்துட்டான்’, ‘சொல்லுடா’ எல்லாவற்றையும் கேள்விக்குள்ளாக்கும், உண்மையான பிழை அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். பொருளைப் பொறுத்த சந்தியை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேல். வினையெச்சத்தில் தடுமாறுவோர் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: வல்லின மெய்யைத் தொடர்ந்து துகரம் வந்தால் ஒற்று மிகும், மெல்லின மெய்யைத் தொடர்ந்து வந்தால் மிகாது. ‘படித்துக் காட்டினான்’, ‘பார்த்துச் சொன்னாள்’. ஆனால் ‘வந்து சேர்ந்தான்’, ‘நடந்து போனாள்’.

சந்தியைவிடக் கதைக்குக் கேடு செய்வது இடைவெளி, ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ‘கடிதத்தைக் கொடுத்துவிட்டான்’ என்றால் காரியம் முடிந்தது. ‘கடிதத்தைக் கொடுத்து விட்டான்’ என்றால் வேறொருவரிடம் கொடுத்தனுப்பினான். துப்பறியும் கதையில் இந்த ஒரு வெற்றிடம் கதையையே திருப்பிவிடும். துணைவினையைச் சேர்த்தும் முதன்மை வினையைப் பிரித்தும் எழுதுவது என்று ஒரு முடிவெடுத்து அதிலேயே நிற்க வேண்டும்.

ரோல்பிளேயில் எழுத்துப்பிழையைவிட ஓட்டத்தைக் குலைப்பது குரல் மாறுவது. கதைசொல்லல் எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் போகும்போது, வேகத்தில் ‘அவ எழுந்து போனா’ என்று கதைசொல்லலுக்குள்ளேயே பேச்சு நுழைந்துவிடும். நேற்று வரை ‘நீங்க’ என்றவள் இன்று காரணமில்லாமல் ‘நீ’ என்பாள். எதிரே எழுதுபவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதிவிடுவார், கதை வேறு பக்கம் போய்விடும். பாத்திரத்துக்கு மூன்று வரிக் குறிப்பு இதற்கு மருந்து: யாரை எப்படி விளிக்கும், எந்த வட்டாரப் பேச்சு, பேச்சுச் சொற்களின் எழுத்து வடிவம். ‘பண்றேன்’, ‘பண்ணுறேன்’ இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ‘பன்றேன்’ மட்டும் பிழை. ‘வர்றேன்’, ‘வரேன்’ இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒரே வாய்க்கு ஒன்றுதான். சேர்ந்து எழுதுபவர்கள் எல்லோரும் இந்த மூன்று வரியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் பலன் இரட்டிப்பு. காலமும் இப்படித்தான் நழுவும்: ‘சிரித்தான்’ என்று தொடங்கிய பதிவு நான்காம் வரியில் ‘நடக்கிறான்’ ஆகும். அனுப்புமுன் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். ‘மரங்கள் இருக்கிறது’ போன்ற ஒருமை பன்மைப் பிழையும் அதே ஓட்டத்தில் அகப்படும். ரோல்பிளேக்கு ஒரே ஒரு பழக்கம்தான் முடியும் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

நிலைக்காதவை: பின்னாலிருந்து படிப்பது தமிழில் அதிகம் பயன்படவில்லை, சந்தியும் வினைமுற்றும் அடுத்தடுத்த சொல்லைச் சார்ந்திருப்பதால் பின்னோக்கிப் படிக்கும்போது பிழை பிழையாகத் தெரிவதில்லை. எழுத்துருவை மாற்றிப் படிப்பது முதல் சில வாரங்கள் உதவும், பிறகு கண் பழகிவிடும். அளவை இரட்டிப்பாக்கி, வரிகள் வேறிடத்தில் மடியும்படி செய்வது அதைவிட நீடிக்கிறது. ஆறப்போடுவது வாரத் தொடருக்கு அருமையான பழக்கம். பதிலுக்குக் காத்திருக்கும் ரோல்பிளேயில் அதற்கு இடமில்லை.

எழுதும் இடத்தின் வரம்புகளும் பிழைக்குக் காரணமாகின்றன. டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 2000 குறியீடுகள்தான் எல்லை. ஐந்தெழுத்து ‘விளையாட்டு’ அங்கே பத்தாகக் கணக்கிடப்படும், ஆகவே தமிழில் ஏறத்தாழ 200 சொற்களிலேயே எல்லை வந்துவிடுகிறது. அவசரத்தில் வெட்டும்போதுதான் எழுவாய் ஒரு பதிவிலும் பயனிலை இன்னொன்றிலும் சிக்குகிறது. 180 சொல்லில் பத்தியை முடித்துக்கொள்வது பாதுகாப்பு. செயலைக் குறிக்கும் ஒற்றை நட்சத்திரக் குறி டிஸ்கார்டில் எழுத்தைச் சாய்க்கும், வாட்ஸாப்பில் தடிமனாக்கும். வரித் தொடக்கத்தில் குறிக்குப் பின் வெற்றிடம் விட்டால் இரண்டிலும் அது பட்டியல் புள்ளியாகிவிடும். சாய்ந்த தமிழெழுத்து நீளமான செயல் வரிகளில் கண்ணை உறுத்தும், குறுகிய வரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸாப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான். டெலிகிராமில் 48 மணி நேரம். நேரம் இருந்தாலும் எதிராளி பதில் எழுதிய பிறகு பொருள் மாறும் திருத்தம் செய்யக் கூடாது. அவர் ‘தோலில் சாய்ந்ததை’ வைத்தே ஒரு காட்சி கட்டியிருக்கலாம். எழுத்தை மட்டும் திருத்தலாம். பொருள் மாறுவதானால் கதைக்கு வெளியே ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது சரியாக எழுதி, அந்த இணையைப் பதினைந்து சொல் பட்டியலில் பதினாறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.