ரெஷன் ஏரியைச் சுற்றி சைக்கிளில்: சில கோடைகளின் அனுபவம்

வியா கிளாவுடியா அகஸ்டா என்ற பழைய ரோமானியச் சாலைத் தடத்தின் வழியாக ஆல்ப்ஸைக் கடக்கும் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் ரெஷன் ஏரியில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. கணவாய் ஏறிய களைப்பு தீர ஒரு காப்பி, தண்ணீருக்குள் நிற்கும் மணிக்கோபுரத்தோடு ஒரு படம், அப்புறம் தெற்கே மெரான் ஊர் வரைக்கும் இறக்கம்தான். அந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த பகுதியை அவர்கள் பார்க்காமலேயே போகிறார்கள் என்பது என் கருத்து. ஏரியை முழுதாகச் சுற்றி வர சுமார் 15 கிலோமீட்டர். ஊருக்குள் வரும் சிறு துண்டுகளை விட்டால், எங்கேயும் காருக்கு ஒதுங்கி ஓட்ட வேண்டியதில்லை. மியூனிக்கில் வசிக்கும் நான் பல கோடைகளாக அங்கே போய் வருகிறேன். "வண்டித் தொல்லை இல்லாமல் மலையில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?" என்று யார் கேட்டாலும் இந்த ஏரியைத்தான் சொல்கிறேன். அங்கே ஒரு ராத்திரியாவது தங்குங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏரி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் மூலை அது. இருப்பது இத்தாலியில்தான் என்றாலும் கடையிலும் தெருவிலும் காதில் விழுவது ஜெர்மன். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919 ஒப்பந்தப்படி இத்தாலிக்குப் போன தெற்குத் திரோல் பகுதி இது. அதனால் ஊர்ப் பலகை எல்லாவற்றிலும் இரண்டு பெயர் இருக்கும். ஜெர்மனில் ரெஷன் என்றால் இத்தாலியனில் ரெசியா, கிரவுன் என்றால் குரோன். அறை பதிவு செய்யும்போது இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் ஆஸ்திரியாவின் லாண்டெக் ஊர் வரை ரயிலில் வந்து, இன் நதியை ஒட்டியே ஓட்டிக்கொண்டு சுவிஸ் எல்லையில் உள்ள மார்ட்டினாவுக்கு வரலாம். நேரே மேலே போகும் ஃபின்ஸ்டர்மூன்ஸ் சாலை பக்கம் போகவே வேண்டாம். குகைப் பாதையும் லாரியுமாக அது சைக்கிளுக்கான இடமே இல்லை. மார்ட்டினா 1,035 மீட்டர், அங்கிருந்து ஏறிப் போகும் நோர்பெர்ட்ஸ்ஹோஹே கணவாய் 1,405 மீட்டர். பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். பை கட்டிய சைக்கிளோடு ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் சரிவு ஒரே சீராக இருப்பதால் சின்ன கியரில் போட்டுவிட்டுப் பொறுமையாக மிதித்தால் ஏறிவிடலாம். அங்கே மட்டும் கார்கள் உண்டு. மிதிக்க முடியாது என்றால் சைக்கிளோடு ஏற்றிப் போகும் வேன்கள் கோடையில் ஓடுகின்றன. மேலே நவுடர்ஸ் ஊரைத் தாண்டியதும் தனிப் பாதை ஆரம்பிக்கிறது. புல்வெளி நடுவே ஓட்டிக்கொண்டே நாட்டின் எல்லையைக் கடந்துவிடுவீர்கள்.

இனி ஏரிக்கு வருவோம். அது வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. வடக்கு முனையில் ரெஷன் ஊர், கிழக்குக் கரையில் கிரவுன், தெற்கே அணையைத் தாண்டி சங்க்ட் வாலன்டின். கிழக்குக் கரையில் நெடுஞ்சாலை ஓடுகிறது. சைக்கிள் பாதை அதிலிருந்து பிரிந்து, கரையை ஒட்டித் தனியாகப் போகிறது. பாதுகாப்புக்குக் குறையில்லை, ஆனால் சத்தம் உண்டு. கோடை சனி ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் கணவாயைத் தேடி வரும்போது அந்த இரைச்சல் தண்ணீர் மேலேயே பரவிக் கிடக்கும். முடிந்தால் வார நாளில் போங்கள்.

மேற்குக் கரை வேறு உலகம். அந்தப் பக்கம் நெடுஞ்சாலை கிடையாது. லார்ச், ஸ்ப்ரூஸ் மரங்கள் சரிவில் இறங்கித் தண்ணீர் வரைக்கும் வந்து நிற்கின்றன. பாதை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், காட்டுக்குள் நுழைந்து மறுபடி கரைக்கே வரும். எப்போதாவது ஒரு விவசாயியின் டிராக்டர் வரலாம். அவரும் கையைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். நான் எப்போதும் காலையில், ரெஷனிலிருந்து கிளம்பி, ஏரியை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி ஓட்டுவேன். வெயில் எதிர்க்கரை மலையைத் தாண்டி இந்தக் கரை மேல் விழுகிற நேரம் அது. எதிரே தூரத்தில் ஓர்ட்லர் சிகரம், 3,905 மீட்டர், உச்சியில் பனியோடு நிற்கும். அந்தக் காட்சிக்காகவே இந்தத் திசை.

கார் இல்லாத பாதையில் ஓட்டும்போது உடம்பு எவ்வளவு மாறுகிறது என்பதை நான் சரியாகக் கவனித்தது அம்மா வந்திருந்தபோதுதான். மதுரையில் வேலைக்குப் போன காலத்தில் தினமும் சைக்கிள் மிதித்தவர். அப்புறம் பல வருடம் தொடவில்லை. வாடகைக்கு ஒரு மின்சார சைக்கிள் எடுத்துக் கொடுத்து மேற்குக் கரைக்குக் கூட்டிப் போனேன். ஆரம்பத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டேய், பின்னாடி ஏதாச்சும் வருதா பாரு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "இங்க எதுவும் வராதும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் கேள்வி நின்றது. தோள் இறங்கியது. பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டு, புல் அறுத்துக் காயப் போட்டிருப்பதையும் மாடுகளின் மடியையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சாலையில் நாங்கள் இருவரும் ஒருவர் பின்னால் ஒருவர்தான் போயிருக்க முடியும், பேசியிருக்கவே முடியாது. சைக்கிள் ஓட்டி நாளானவர்களையும் குழந்தைகளையும் எந்தப் பயமும் இல்லாமல் இங்கே கூட்டி வரலாம்.

மணிக்கோபுரத்தைப் பார்த்துவிட்டு வெறும் அழகு என்று கடந்து போகக் கூடாது. அது 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம். அங்கே முன்பு இருந்தவை சின்ன இயற்கை ஏரிகள். தண்ணீரை 5 மீட்டர் மட்டும் உயர்த்துவதாக இருந்த திட்டம், முசோலினி காலத்தில் 22 மீட்டராக மாறியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தும் எடுபடவில்லை. 1950-ல் பழைய கிரவுன் ஊரை இடித்துவிட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். 163 வீடுகளும் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட விளைநிலமும் போயின. பாதி ஊர் பிழைப்பு தேடி வேறெங்கோ போனது, மீதிப்பேர் மேலே புது ஊர் கட்டிக்கொண்டார்கள். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வாகன நிறுத்தத்தின் பக்கம் எப்போதும் கூட்டம் நெரியும், அங்கே நின்றால் படம்தான் எடுக்க முடியும். மேற்குக் கரையிலிருந்து அகலத் தண்ணீருக்கு அப்பால் அதைப் பாருங்கள். எவ்வளவு நிலம் மூழ்கியிருக்கிறது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் மனதில் உறைக்கிறது.

எப்போது போவது? இது மின்சாரத்துக்கான தேக்கம். குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைக் கீழே மின்நிலையத்துக்கு விடுவார்கள், பனி உருகும்போது மறுபடி நிரம்பும். அதனால் ஏப்ரல், மே மாதத்தில் போனால் பல இடத்தில் சேற்றுத் தரைதான் தெரியும். காற்று அடித்தால் அந்தத் தூசி கண்ணிலும் சங்கிலியிலும் வந்து ஒட்டும். 2021 வசந்தத்தில் பராமரிப்புக்காக ஏரியை வற்றவிட்டபோது பழைய ஊரின் சுவர்களும் படிக்கட்டுகளும் வெளியே தெரிந்தன. அதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது வேறு அனுபவம். நீலத் தண்ணீர் வேண்டும் என்றால் ஜூன் கடைசிக்கு மேல் போங்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பர். கூட்டம் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். அக்டோபரில் லார்ச் மரங்கள் மஞ்சளாகிவிடும், ஆனால் காலையில் பாதை மேல் உறைபனி படிந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம் காற்று. மதியத்துக்கு மேல் நன்றாக அடிக்கும். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் சறுக்குகிறவர்கள் அதற்காகவே இங்கே வருகிறார்கள். அவர்களுடைய காற்றாடி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாலே போதும், திரும்பி வரும் வழியில் எதிர்காற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். பக்கப்பைகள் கட்டிய சைக்கிளுக்கு இது சின்ன விஷயமில்லை. அணை மேல் போகும்போது பக்கவாட்டில் அடிக்கும் காற்று முன்சக்கரத்தையே தள்ளிவிடும். பத்து மணிக்குள் சுற்றி முடித்துவிட்டால் இந்தப் பாடு இல்லை.

சைக்கிளைப் பொறுத்தவரை, நான் ஓட்டுவது இரும்புச் சட்டம் போட்ட சாதாரணப் பயண சைக்கிள். 40 மில்லிமீட்டர் டயர் இங்கே கச்சிதம். பெரும்பகுதி தார்தான் என்றாலும் இடையிடையே சரளை வரும், மெல்லிய டயர் அங்கே வழுக்கும். ஆரம்பத்தில் முன்னும் பின்னுமாக நான்கு பைகள் கட்டியிருந்தேன். இப்போது பின்னால் இரண்டே பைகள், ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை. ஏற்றத்திலும் காற்றிலும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஆகஸ்டிலும் கையுறையும் காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டையும் பையில் இருக்கட்டும். வெயில் போய் மேகம் வந்தால் கால் மணி நேரத்தில் விரல் விறைக்கும் உயரம் அது. அதே உயரத்தில் வெயில் தோலைச் சுடவும் செய்யும், கழுத்துக்கும் காதுக்கும் களிம்பு தடவ மறக்க வேண்டாம்.

சுற்றி முடித்து தெற்கே போகிறவர்களுக்கு அடுத்து ஹைடர் ஏரி. சின்னது, இயற்கையானது, அதன் கரையிலும் தனிப் பாதை. அதைத் தாண்டியதும் மால்ஸ் வரை செங்குத்தான இறக்கம். 400 மீட்டர் கீழே போகிறீர்கள், எதிரே குடும்பங்கள் ஏறி வந்துகொண்டிருப்பார்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். கிளம்பும் முன்பே பிரேக் பட்டையின் தடிமனைப் பார்த்துவிடுங்கள், சுமையோடு இறங்கும்போது அது வேகமாகத் தேயும். மால்ஸிலிருந்து மெரானுக்கு ஆப்பிள் தோட்டங்கள் நடுவே பாதை போகிறது. ரெஷனிலிருந்து மெரான் மொத்தம் 80 கிலோமீட்டர் அளவு, ஒரு நாளில் தாராளமாக முடியும். கால் ஓய்ந்துவிட்டால் ரயில் இருக்கிறது. மூடிக் கிடந்த அந்த மால்ஸ்-மெரான் தடத்தில் 2005-ல் மறுபடி வண்டி விட ஆரம்பித்தார்கள். தடத்தில் வேலை நடக்கும் காலங்களில் மட்டும் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள், அதில் சைக்கிளை ஏற்றுவது சிரமம். அதனால் முந்தின நாளே கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.