கீழ்ப் பல் செட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ: இரண்டு வருட அனுபவம்

கீழ்த்தாடைப் பல் செட் வாயில் நிற்காமல் அவதிப்படுகிறவர்களுக்காகவும், அப்படி ஒரு அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு 67 வயது. கும்பகோணத்தில் அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக ஓடி, 2016ல் ஓய்வு பெற்றேன். 2023 ஜூன் மாதம் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் சின்ன ஸ்க்ரூ, வைத்து, அதன் மேல் கழற்றி மாட்டும் செட் போட்டுக்கொண்டேன். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லும் அளவுக்கு இப்போது பழகிவிட்டது.

வெற்றிலை, சீவல், புகையிலை, கூடவே சர்க்கரை. எல்லாம் சேர்ந்து ஈறைத் தின்றுவிட்டன. 2017ல் மீதிப் பற்களையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் முழு செட் கட்டினேன். மேல் செட் நன்றாக நின்றது. கீழ் செட் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க விடவில்லை. இருமினால் எழும்பும், கொட்டாவி விட்டால் எழும்பும். ஒட்டும் பவுடர் காலையில் போட்டால் மதியத்துக்குள் கரைந்து வாயெல்லாம் கொழகொழவென்று ஆகும். செட்டுக்கு அடியில் ஒரு தக்காளி விதை மாட்டினால் போதும், ஊசி குத்துவது மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதையே நிறுத்திவிட்டேன். மொய் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து குழைந்த ரசம் சாதம் சாப்பிடுவேன். பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோவில் என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த நான், போனில் பேசவே தயங்கினேன். அந்த ஆறு வருடத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மேல் செட் நிற்கிறது, கீழ் செட் ஏன் நிற்பதில்லை என்பதைப் பிற்பாடு எனக்கு இம்ப்ளாண்ட் வைத்த டாக்டரம்மா விளக்கினார். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சிலின் பிடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. கீழே அந்த இடத்தில் நாக்குதான் இருக்கிறது. லாடம் மாதிரி வளைந்த ஒரு மெல்லிய வரப்பின் மேல்தான் செட் உட்கார வேண்டும். உள்ளிருந்து நாக்கு தள்ளும், வெளியிலிருந்து கன்னமும் உதடும் தள்ளும். பல் போன பிறகு எலும்புக்கு வேலை இல்லாததால் அந்த வரப்பும் வருடா வருடம் கரைந்துகொண்டே போகும். அதனால்தான் முதல் வருடம் ஓரளவு நின்ற செட் நான்காம் வருடம் நிற்கவே இல்லை. செட் கட்டியவர் மேல் தப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தஞ்சாவூரில் முதலில் போன இடத்தில், மேலும் கீழும் ஆறு ஆறு இம்ப்ளாண்ட் வைத்து நிரந்தரமாகப் பல் பொருத்திவிடலாம், நாலரை லட்சம் ஆகும், இன்றைக்கே முன்பணம் கட்டினால் ஐம்பதாயிரம் குறைப்போம் என்றார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. நிரந்தரப் பல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் வாய்க்குள் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே விலை சொல்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போன கிளினிக்கில்தான் சிகிச்சை எடுத்தேன். பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் வாயைப் பார்த்தார், பழைய செட்டைப் பார்த்தார், மூன்று மாத சர்க்கரை சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். 8.9 வந்தது. "ஐயா, இப்ப வச்சா புண்ணு ஆறாது, எலும்பும் ஒட்டாது. சர்க்கரையைக் குறைச்சுட்டு வாங்க. புகையிலையைத் தொடவே கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாரே என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. நான்கு மாதம் நடையும் மாத்திரையுமாக 7.2க்குக் கொண்டுவந்தேன். அந்த நான்கு மாதம்தான் என் இம்ப்ளாண்டைக் காப்பாற்றியது என்று இப்போது நம்புகிறேன். இன்னொரு கேள்வியும் கேட்டார்: எலும்புத் தேய்மானத்துக்கு ஆலெண்ட்ரனேட் மாதிரி மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா? எனக்கு இல்லை. வயதான பெண்கள் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். தாடை எலும்பில் கை வைக்கும் முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சிலருக்கு எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறதாம்.

அப்புறம் தாடை எலும்பை எல்லாப் பக்கமும் காட்டும் சிபிசிடி ஸ்கேன். கம்ப்யூட்டரில் என் தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கடவாய்ப் பக்கம் எலும்பு கரைந்து, உள்ளே ஓடும் நரம்புக்கு மேல் 7 மி.மீ. தான் மீதி. முன்பக்கம், கோரைப் பல் இருந்த இடத்தில், 13 மி.மீ. இருந்தது. அங்கே இடதில் ஒன்று, வலதில் ஒன்று, இரண்டு போதும் என்றார். இரண்டு எப்படிப் போதும் என்று விடாமல் கேட்டேன். 2002லேயே கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய சிகிச்சை வெறும் செட் அல்ல, இரண்டு இம்ப்ளாண்டில் நிற்கும் செட்தான் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்றார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் முதல் செட் கட்டியது 2017ல். அன்றைக்கு ஒருவரும் இப்படி ஒரு வழி இருப்பதாக வாயைத் திறக்கவில்லை. காசு இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த பேச்சு. வழி இருப்பதைச் சொல்ல வேண்டாமா?

எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டதற்கு ஒரு கதை சொன்னார். ஸ்வீடன் டாக்டர் பிரோனெமார்க் 1950களில் முயல் எலும்புக்குள் டைட்டேனியக் கருவி வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்திருக்கிறார். முடிந்ததும் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. 1965ல் ஒரு மனிதருக்கு முதன்முதலாகத் தாடையில் வைத்தார். அவர் சாகும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அந்த இம்ப்ளாண்டுகள் வேலை செய்தன. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சுத்தமாக வைத்திருந்தால் நீண்ட நாள் வரும் என்றுதான் சொன்னார்.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம். மரத்துப்போகும் ஊசி போடும்போது மட்டும் வலி. துளை போடும்போது வலி இல்லை, ஆனால் மண்டைக்குள் அதிர்வு கேட்கும், பயந்துவிடாதீர்கள். எலும்பு சூடானால் செத்துவிடும் என்பதால் மெதுவாகச் சுற்றவிட்டு, விடாமல் சலைன் ஊற்றிக்கொண்டே செய்தார்கள். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் 4 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம். அன்று இரவு மோவாய் வீங்கியது, மூன்றாம் நாள் வடிந்தது. பல் பிடுங்கிய வலியைவிடக் குறைவு என்பதே என் அனுபவம். இரண்டு வாரம் கீழ் செட் போடவே கூடாது. பிறகு பழைய செட்டை உள்ளே குடைந்து, மெத்தென்ற லைனிங் வைத்துக் கொடுத்தார்கள். எலும்பு ஒட்ட மூன்றரை மாதம். கஞ்சி, இட்லி, குழைந்த பருப்பு சாதம். பொறுமை வேண்டும்.

அக்டோபரில் புது செட் வந்தது. கடி சேர வேண்டும் என்று மேல் செட்டையும் புதிதாகக் கட்டினார்கள். ஸ்க்ரூவின் தலையில் தங்க நிறத்தில் ஒரு குட்டைக் குமிழ். அதற்கு லொக்கேட்டர் என்று பெயர். செட்டின் அடியில் அதற்கு நேராக நைலான் வளையம் உள்ள மூடி. சட்டையில் பிரஸ் பட்டன் மாட்டுவது மாதிரிதான். விரலால் அழுத்தினேன், டக் என்று உட்கார்ந்தது. நாக்கால் தள்ளினேன். அசையவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து டாக்டரம்மா சற்று நேரம் வெளியே போய்விட்டார்.

இப்போது அடை சாப்பிடுகிறேன், ஆட்டுக்கறி சாப்பிடுகிறேன், அவித்த கடலை சாப்பிடுகிறேன். தாராசுரத்தில் தங்கை மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து மசால் வடை இரண்டு சாப்பிட்டேன். ஆனால் இது சொந்தப் பல் ஆகிவிடாது. ஸ்க்ரூ முன்னால் இருக்கிறது. கடவாய்ப் பக்கம் செட் ஈறின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கெட்டிச் சீடையை அங்கே வைத்து அழுத்தினால் ஈறு நோகும். கரும்பை நினைக்கவே கூடாது. கொய்யாவை நறுக்கித்தான் தின்ன வேண்டும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் 2,500, கொரிய இம்ப்ளாண்ட் இரண்டும் சேர்த்து 50,000, லொக்கேட்டர் 16,000, மேலும் கீழும் புது செட் 24,000. ஆக 92,500 ரூபாய். சுவிட்சர்லாந்து கம்பெனி ஸ்க்ரூ என்றால் இன்னும் கூடும் என்றார்கள். கும்பகோணத்திலிருந்து ஒன்பது தடவை பஸ்ஸில் போய் வந்தது தனி.

குறை இரண்டு உண்டு. லேபிலிருந்து வந்த முதல் செட்டில் இடது பக்கம் கடி உயரமாக இருந்தது. நாக்கடியில் புண் வந்து, திருப்பி அனுப்பி, இரண்டு வாரம் வீணானது. இன்னொன்றுதான் பெரிய குறை. அந்த நைலான் வளையம் தேய்கிற பொருள், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை முதலில் யாரும் சொல்லவில்லை. பதினோராவது மாதம் செட் லேசாக ஆட ஆரம்பித்ததும் இம்ப்ளாண்டே போய்விட்டது என்று இரவெல்லாம் தூங்கவில்லை. போய்ப் பார்த்தால் வளையம்தான். ஐந்து நிமிட வேலை, 1,600 ரூபாய். முதலில் நீலம் போட்டிருந்தார்கள், அது இலேசான பிடிப்பு; இப்போது ரோஸ். அதைவிட இறுக்கமாக வேண்டுமானால் வெள்ளை இருக்கிறது. இந்தச் செலவையும் எஸ்டிமேட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் போகிற இடத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழக்கத்தில் தெரிந்துகொண்டது: செட்டை வாயில் வைத்துக் கடித்து மாட்டாதீர்கள், வளையம் சீக்கிரம் போய்விடும். இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள். கழற்றும்போது இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் சமமாகத் தூக்குங்கள். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் பட்டால் செட் கோணிவிடும். பற்பசை செட்டைக் கீறும், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு போதும். வாய்க்குள் தெரியும் குமிழைச் சுற்றி மெல்லிய பிரஷ்ஷால் தினமும் தேய்க்க வேண்டும். பல் இல்லையே என்று விட்டுவிட்டால், பல்லைக் கொண்டுபோன அதே ஈறு நோய் ஸ்க்ரூவையும் கொண்டுபோகும்.

கடைசியாக, இம்ப்ளாண்ட் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டித் தருவார்கள். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கம்பெனியும் அளவும் தெரிந்தால்தான் நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டரால் அதற்குப் பொருந்தும் பாகம் வாங்க முடியும். என் அட்டை பென்ஷன் புத்தகத்தோடு இருக்கிறது. அடுத்த வளையம் மாற்ற வேண்டிய தேதியை அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறேன்: நவம்பர் 12.