ஆயாசம் என்றால் என்ன என்று கேட்ட இடம்

மாதம் ஒருமுறை ஏகாம்பரக்குப்பத்தில் காலை ரயிலைப் பிடித்து நானும் என் மகளும் போய்வரும் ஏஆர்டி மையத்தைப் பற்றி எழுதுகிறேன். எச்ஐவி உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் இடம் அது. ஓர் அரசு மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெருக்காரர்களும் இதைப் படிப்பார்கள். உங்களுக்கு அருகில் உள்ள மையம் தெரியவேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

முதலில் நாங்கள் போனது வேறோர் இடம். மகளுக்கு அப்போது நான்கு மாதம். இருமல் கொஞ்சம், காய்ச்சல் பெரிதாக இல்லை. பால் குடிக்கும்போது மட்டும் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். நர்ஸ் "ஆயாசம் உந்தா?" என்றார். நான் சோளிங்கர் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் தெலுங்கு காய்கறிக் கடையோடு சரி. கைக்குழந்தைக்கு என்ன களைப்பு என்று நினைத்து "லேது" என்றேன். இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு என்பது இரண்டு நாள் கழித்து, அவள் உதடு நீலம் பாரித்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது.

நியூமோசிஸ்டிஸ் என்றார்கள். நுரையீரலைத் தாக்கும், ஆனால் நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சை. எச்ஐவி உள்ள குழந்தைகளை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அதிகமாகத் தாக்குமாம். அப்படித்தான் எனக்கும் எச்ஐவி இருப்பது தெரியவந்தது. கர்ப்பத்தின் மூன்றாம் மாதப் பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. பிறகு யாரும் திரும்ப எடுக்கவில்லை. அவள் நாக்கில் இருந்த வெள்ளையைப் பால் என்று நான் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பால் என்றால் துடைத்தால் போய்விடும். இது வாய்ப்பூஞ்சை. போகாது, சுரண்டினால் ரத்தம் கசியும். என் வாயிலும் அதேதான் இருந்தது. உடம்புச் சூடு என்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் மருந்து ஏற்றி அவளைக் காப்பாற்றியது கோட்ரைமாக்ஸசோல். என்னுடைய நிலை முன்பே தெரிந்திருந்தால் அதே மருந்தை ஆறாவது வாரத்திலிருந்து தினமும் இரண்டரை மில்லி சிரப்பாகக் கொடுத்திருப்பார்கள். இந்தக் கணக்கை நான் ரயிலில் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று தெரியாது.

இனி மையத்துக்கு வருகிறேன். இங்கே தாயையும் பிள்ளையையும் ஒரே நாளில், ஒரே அறையில் பார்க்கிறார்கள். அலையவேண்டியதில்லை. பெயரைக் கூவுவதில்லை, எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். யாருக்கு என்ன என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்திருக்கிறது. இங்கே அதை மதிக்கிறார்கள். மாத்திரைகளுக்குப் பணம் கிடையாது. எச்ஐவிக்கான அவளுடைய டோலுடெக்ராவிர் மாத்திரை தண்ணீரில் கரைகிறது, குடித்துவிட்டு இன்னும் கேட்கிறாள். எனக்குக் காசநோய் வராமலிருக்க ஆறு மாதம் ஐசோனியசிட் கொடுத்தார்கள். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இருமல், காய்ச்சல், எடை இந்த மூன்றையும் கேட்காமல் அனுப்பியதே இல்லை.

ஆனால் நான் இந்த மையத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அங்குள்ள ஆலோசகர் அக்காவுக்காக. அவர் தெலுங்குக்காரர்தான். முதல் நாள் என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் ஆயாசம் என்றால் என்னம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதிலிருந்து தமிழ்ப் பெண்கள் வந்தால் வாயால் கேட்பதோடு விடுவதில்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கி விலாவைத் தொட்டு, இங்கே உள்ளே இழுக்கிறதா என்று காட்டிக் கேட்கிறார்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் தாழ்வாரம் ஒன்றே ஒன்று. இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே கைக்குழந்தைகளும். எதிர்ப்பு சக்தி இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படியா? இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். சிரப் சில மாதம் தீர்ந்துவிடுகிறது. அப்போது மாத்திரையைப் பாதியாக்கிப் பொடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். மாத்திரை டப்பாவோ நடக்கும்போதெல்லாம் கலகலவென்று ஊருக்கே சொல்கிறது. நான் உள்ளே பஞ்சு அடைத்துவிடுகிறேன். மாமியாருக்குச் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தாழ்வாரத்துக்காக ஒன்று குறைத்தேன்.

மூச்சை எண்ணவும் அக்காதான் கற்றுக்கொடுத்தார். குழந்தை அமைதியாக இருக்கும்போது, கைப்பேசியில் முழு ஒரு நிமிடம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. அதை எட்டினால் காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்பவேண்டும். மகளுக்கு இப்போது இரண்டு வயது. நேற்று இரவு லேசாக இருமினாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து எண்ணினேன். இருபத்தெட்டு. மறுபடியும் எண்ணினேன். இருபத்தேழு.