பேஸ்மென்ட் நாற்றத்துக்குச் சிலிகான் வால்வு: எங்கே உதவும், எங்கே வீண்

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டும் வீடுகளில் பேஸ்மென்ட் என்றால் கார் நிறுத்தம், அதற்கடியில் சம்ப், மூலையில் யாரும் அதிகம் புழங்காத ஒரு பாத்ரூம். குடிவந்து சில வாரங்களில் அங்கே நாற்றம் கிளம்பும். உடனே எஸ்.பி. ரோட்டிலோ ஆன்லைனிலோ தரை ஜாலிக்கு அடியில் சொருகும் சிலிகான் வால்வை வாங்கி வருகிறார்கள். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் ட்ராப், அதாவது ஜாலிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம் போன்ற பகுதி, அதன் வழியாக ஏறிவரும் சாக்கடைக் காற்றை மட்டும்தான் இந்த வால்வு தடுக்கும். வேறு எந்த நாற்றத்துக்கும் அது மருந்தாகாது.

ஆகவே வாங்குவதற்கு முன் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேஸ் வாடையாக இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும். சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, தள்ளி நின்று 1906-க்கு அழையுங்கள்.

அழுகின முட்டை, சாக்கடை வாடை என்றால் முதல் சந்தேகம் காய்ந்த ட்ராப். நானி ட்ராப் எனப்படும் இந்தத் தரை ட்ராப்பில் தேங்கி நிற்கும் சுமார் 50 மி.மீ. தண்ணீர்தான் காற்றைத் தடுக்கும் பூட்டு. புழங்காத பாத்ரூமில் அது சில வாரங்களில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு ஜாலியிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுநாள் முகர்ந்து பாருங்கள். நாற்றம் போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. போகவில்லையா? ஜாலிகளைப் பாலித்தீன் ஷீட்டும் டேப்பும் கொண்டு மூடி, ஒரு இரவுக்கு ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். எதைத் திறந்த இரவில் நாற்றம் திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான். ட்ராப்பின் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். சில மாடல்களில் கவிழ்த்து வைத்த கப் ஒன்று இருக்கும். டைல்ஸ் வேலையின்போது அதைக் கழற்றி வைத்தவர்கள் திரும்பப் போடாமலே போயிருப்பார்கள். அது இல்லாமல் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

மக்கின வாடை வேறு கதை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீனைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். அடிப்பக்கம் தண்ணீர் முத்துமுத்தாய் நின்றால் கான்க்ரீட்டிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. இரண்டுக்கும் இந்த வால்வு வீண் செலவு.

சம்ப் தண்ணீரையும் ஒரு வாளி இறைத்து முகருங்கள். அதில் சாக்கடை வாடை இருந்தால் அந்தத் தண்ணீரைப் புழங்குவதை நிறுத்தி, சாக்கடைச் சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி) கசிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் சம்புக்குள்ளோ சேம்பருக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் தெரியாமலே உயிர் போகும்.

காய்ந்த ட்ராப்தான் காரணம் என்று உறுதியானால் வால்வு காசுக்கு மோசமில்லை. தண்ணீர் விழும்போது எடையால் அதன் இரண்டு உதடுகளும் விரியும், பிறகு ஒட்டிக்கொள்ளும். ட்ராப் காய்ந்தாலும் காற்று மேலே வராது. காந்தம் வைத்த மாடலைவிடச் சிலிகானே மேல். காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு மூடி சரியாக உட்காராமல் போகும்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 110 மி.மீ. என்பது குழாயின் வெளி அளவு. ஜாலியைக் கழற்றி உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். விளிம்பு இறுக்கமாக உட்கார வேண்டும், சுற்றிலும் நூலிழை இடைவெளி இருந்தாலும் நாற்றம் அதன் வழியே வரும். கடையிலேயே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உதடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேறொன்று கேளுங்கள்.

புது வீட்டில் இதற்கு முதல் எதிரி சிமெண்ட் துகளும் டைல்ஸ் கிரவுட்டும்தான். ஒரு சிட்டிகை சிக்கினாலும் உதடு மூடாது. முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் படக்கூடாது. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் வாஷிங் மெஷின் அவுட்லெட்டுக்கு இது சரிவராது. கார் நிறுத்த ஜாலியிலோ செம்மண் சேர்ந்தே அடைத்துவிடும்.

மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே குளுக் குளுக் என்று சத்தம் கேட்டால் வென்ட் குழாயில் (கழிவுக் குழாய்க்குக் காற்றோட்டம் தரும் குழாய்) கோளாறு. வால்வு நாற்றத்தை மறைக்குமே தவிர அந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும். பெருமழையில் சாக்கடை எதிர்த்து வரும் பள்ளமான பகுதிகளில் இந்த மெல்லிய சிலிகான் தாங்காது. அங்கே வெளிக்குழாயில் கழிவு எதிர்த்துத் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுதான் வேண்டும்.

வால்வு இருக்கிறதே என்று ட்ராப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைக்க பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.