ஏசிஓவுடன் சேரும் வழிகள்: மாதக் கட்டணமா, சேமிப்பில் பங்கா?

முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில், ஏசிஓ எனப்படும் பொறுப்பேற்புப் பராமரிப்பு அமைப்புகள் (நோயாளிகளின் மொத்தச் செலவுக்கும் தரத்துக்கும் கூட்டாகப் பொறுப்பேற்கும் டாக்டர், மருத்துவமனைக் கூட்டணிகள்) பரவிய பிறகு, வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் ஹோம் ஹெல்த் ஏஜென்சிகள் முன்னும், வாழ்வின் இறுதிக் காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸ்கள் முன்னும் நான்கு வழிகள் இருக்கின்றன. பழையபடி பில் போட்டுக்கொண்டு தனியாகவே நடப்பது ஒன்று. ஏசிஓவின் லாப நட்டத்தில் கூட்டுச் சேர்ந்து ஆண்டுச் சேமிப்பில் பங்கு கேட்பது இன்னொன்று. நோய் முற்றியவர்களுக்கென்றே சொந்தமாக ஏசிஓ தொடங்குவது மூன்றாவது. எதற்கும் முழுதாகக் கட்டுப்படாமல், பல ஏசிஓக்களுக்கு முன்னுரிமை ஏஜென்சியாக இருந்து, வரையறுத்த பணிக்கு மாதக் கட்டணம் வாங்குவது நான்காவது. நடுத்தர ஏஜென்சிக்கு இந்த நான்காவது வழிதான் சரி. நாங்கள் தேர்ந்ததும் அதுவே, ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010 சட்டத்தின் கீழ் 2012இல் தொடங்கிய மெடிகேர் பகிர்வுச் சேமிப்புத் திட்டத்தில், குறைந்தது 5,000 பயனாளிகளின் பார்ட் ஏ (மருத்துவமனை), பார்ட் பி (டாக்டர், வெளிநோயாளர்) செலவு முழுவதற்கும் ஏசிஓ கணக்குச் சொல்ல வேண்டும். குறித்த இலக்குக்குக் கீழே செலவு நின்றால் மிச்சத்தில் பங்கு கிடைக்கும்: பேசிக் பிரிவில் நிலையைப் பொறுத்து 40 அல்லது 50 சதவீதம் வரை, என்ஹான்ஸ்டு பிரிவில் 75 சதவீதம் வரை. ஹோம் ஹெல்த் பில்லும் ஹாஸ்பிஸ் பில்லும் அந்தக் கணக்கிலேயே ஏறுகின்றன. ஏசிஓவின் கண்ணுக்கு நாம் ஒரு செலவு. அதைவிடப் பெரிய செலவான மருத்துவமனை அட்மிஷனைத் தடுக்கும் ஆளும் நாம்தான்.

தனியாக நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிக்கு ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி உண்டு, மருத்துவமனை பட்டியல் கொடுத்தாக வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பட்டியலோடு தரமதிப்பீட்டைக் காட்டி விளக்கத் தடை இல்லை. ஏசிஓ டாக்டர்கள் நிறைந்த ஊரில், மறு அட்மிஷன் விகிதம் மோசமாக இருக்கும் ஏஜென்சிக்குப் பரிந்துரைகள் மெல்ல வற்றும். ஏசிஓ இல்லாவிட்டாலும் தரம் விடாது: 2023 முதல் நாடு முழுக்க நடக்கும் ஹோம் ஹெல்த் மதிப்புக் கொள்முதல் திட்டத்தில் 2025 முதல் கட்டணம் 5 சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம்.

பணம் எப்போது கைக்கு வரும்

சேமிப்பில் பங்கு என்பது காகிதத்தில் கவர்ச்சியாகத் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது சதவீதத்தைவிடத் தேதியை. செயல்பாட்டு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதன் பிறகு பில்கள் வந்து முடிய மூன்று மாதம். கணக்கு முடிந்து முடிவு வெளிவர அடுத்த ஆண்டின் கோடைப் பிற்பகுதியோ இலையுதிர் காலமோ ஆகிவிடும். பணம் ஏசிஓவுக்கு வந்து, அவர்கள் வாரியம் கூடிப் பங்கு பிரித்து, நம் கைக்கு வருவதற்குள், ஜனவரியில் அனுப்பிய நர்ஸின் சம்பளத்துக்கு ஏறக்குறைய 21 மாதம் வயதாகியிருக்கும். அதுவும் சேமிப்பு இருந்தால்தான். நம் நோயாளிகள் ஒருவர்கூட மருத்துவமனைக்குத் திரும்பாவிட்டாலும், ஏசிஓவின் வேறு மூலையில் புற்றுநோய் மருந்துச் செலவு ஏறினால் பங்கு பூஜ்யம்.

இதே 21 மாதத்தில் வருமானம் குறையவும் செய்யும். 2020 முதல் ஹோம் ஹெல்த்துக்கு 30 நாள் தவணைக்குத் தொகை. 2025இல் அடிப்படை 2,057 டாலர். மருத்துவமனையிலிருந்து வெளிவந்த 14 நாளுக்குள் சேர்பவருக்குக் கூடுதல், வீட்டிலிருந்தே சேர்பவருக்குக் குறைவு. முதல் 30 நாள் மட்டுமே ஆரம்பத் தவணை, அதற்குப் பின் வருபவற்றுக்கு எடை குறைவு. ஏசிஓ என்ன கேட்கும்? மருத்துவமனைக்குப் போகும் முன்பே நோயாளியை வீட்டில் எடுத்துக்கொள், தேவை முடிந்ததும் இரண்டாவது தவணைக்கு இழுக்காமல் முடி என்று கேட்கும். நோயாளிக்கு இரண்டுமே நல்லது, ஏஜென்சியின் வரவைக் குறைப்பவையும் அவையே. போதாததற்கு, இதய நோயாளிக்கு முதல் வாரத்திலேயே மூன்று, நான்கு விசிட் குவிக்க வேண்டும். பின் வாரங்களில் அதே அளவு வெட்டினால், இரண்டாவது தவணை விசிட் வரம்புக்குக் கீழே போய், முழுத் தொகை போய் விசிட் கணக்குத் தொகை மட்டும் வரும். அந்த வரம்பு நோயாளி சேரும் கட்டணக் குழுவுக்கேற்ப 2 முதல் 6 விசிட் வரை மாறும். முன்குவிப்பு அட்டவணை போடும்போது இதைப் பார்க்காத ஏஜென்சி, நல்ல பராமரிப்பு தந்தே நட்டப்படும்.

மாதக் கட்டணம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. ஏசிஓ தன் பட்டியலில் உள்ள கடும் நோயாளிகளுக்கு, ஒரு தலைக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கும். பதிலுக்கு 24 மணி நேர நர்ஸ் தொலைபேசி, பரிந்துரை வந்து ஐந்து வேலை நாளுக்குள் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயறிந்து மருந்தெழுதும் தகுதி பெற்ற நர்ஸ்) விசிட், இரவில் மூச்சுத் திணறல் என்று அழைப்பு வந்தால் வீட்டுக்கு ஆள் என்று நாம் கொடுப்போம். கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்பதில் கவனம் தேவை. தொகை எழுத்தில், முன்கூட்டியே, சந்தை மதிப்பில் இருக்க வேண்டும். எத்தனை பேர் பின்னர் ஹாஸ்பிஸில் சேர்ந்தார்கள் என்பதோடு அதைக் கட்டினால், நோயாளிப் பரிந்துரைக்குக் கைமாறு தருவதைத் தடுக்கும் லஞ்சத் தடைச் சட்டம் குறுக்கே வரும். மருத்துவமனைக்கு இலவசமாக நம் நர்ஸை நிறுத்தி டிஸ்சார்ஜ் வேலை பார்க்கவிடுவதும் அதே வலையில்தான் விழும்.

இந்த வழியின் பலவீனமும் உண்டு. மருத்துவமனைக் குழுமம் பின்னால் நிற்கும் ஏசிஓவிடமோ, மெடிகேரின் இன்னொரு ஏசிஓ திட்டமான ரீச்சில் முன்பணமாகத் தொகை பெறும் ஏசிஓவிடமோ மாதாமாதம் கொடுக்கப் பணம் இருக்கும். சிறு டாக்டர்கள் கூடி நடத்தும் ஏசிஓவிடம் இருக்காது. அவர்களிடம் சேமிப்பில் பங்கு மட்டுமே கேட்க முடியும். அங்கே கேட்பதாக இருந்தால், ஏசிஓவின் மொத்த முடிவை விட்டு, நம் நோயாளிகளின் 30 நாள் மறு அட்மிஷன், கடைசி மாத ஐசியு நாட்கள் போன்ற நம் கையில் இருக்கும் அளவுகளோடு பங்கைக் கட்டச் சொல்லுங்கள்.

வரி எண் கட்டுப்பாடு

நோய்த்தணிப்புக் (பாலியேட்டிவ்) குழு வைத்திருக்கும் ஹாஸ்பிஸ்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பகிர்வுச் சேமிப்புத் திட்டத்தில் ஒரு வரி எண் (நிறுவனம் பில் போடப் பயன்படுத்தும் வரி அடையாள எண்) முழுதாகச் சேர்கிறது. அந்த எண்ணில் முதன்மைப் பராமரிப்புச் சேவைகளுக்கு பில் போனால், அது ஒரே ஏசிஓவில்தான் பங்கேற்க முடியும். வீட்டு விசிட் குறியீடுகளான 99341 முதல் 99350 வரையிலானவையும், முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடலுக்கான 99497, 99498உம் அந்தப் பட்டியலில் உண்டு. நர்ஸ் பிராக்டிஷனரின் விசிட்டும் கணக்கில் சேரும். ஆக, நோய்த்தணிப்புக் குழு ஹாஸ்பிஸின் வரி எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தால், ஒரு ஏசிஓவில் பங்கேற்பாளராகக் கையெழுத்துப் போட்ட அன்றே மற்ற ஏசிஓக்களின் கதவு சாத்தப்படும். குழுவைத் தனி வரி எண்ணுக்கு மாற்றிய பிறகு கையெழுத்திடுங்கள். மெடிகேர் பதிவு, வங்கி மாற்றம், பில்லிங் மென்பொருள் என்று மாதங்கள் பிடிக்கும் வேலை, கடைசி நேரத்தில் ஆகாது. ரீச் திட்டத்தில் முன்னுரிமை ஏஜென்சியாக மட்டும் சேர்ந்தால் இந்தச் சிக்கலே இல்லை, எத்தனை ஏசிஓக்களிலும் இருக்கலாம்.

ரீச் பட்டியலில் பெயர் இருப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. ரீச் தரும் கூடுதல் சலுகைகளை எடுத்துக்கொண்ட ஏசிஓவில், ஹாஸ்பிஸில் சேர்பவர் நோய் தீர்க்கும் சிகிச்சையைக் கைவிடத் தேவையில்லை. கீமோ, டயாலிசிஸ் தொடரலாம். ஹோம் ஹெல்த் பெற, வீட்டை விட்டு வெளியேற இயலாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தகுதியுள்ளவர்களுக்குத் தளர்கிறது. பகிர்வுச் சேமிப்புத் திட்டத்தில் இவை இரண்டும் கிடையாது. டயாலிசிஸை விட மனமில்லாமல் கடைசி வாரம் வரை ஹாஸ்பிஸைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ரீச் 2026 டிசம்பரோடு முடிகிறது. 2027 ஜனவரியில் லீட் என்ற பத்தாண்டுத் திட்டம் அதன் இடத்துக்கு வருகிறது. எனவே சலுகைகளை நம்பி ஆள் எடுக்கும் முன், ஒப்பந்தத்தில் திட்ட மாற்றத்துக்கான பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நோயாளிகள் சீக்கிரம் வந்தால் ஹாஸ்பிஸுக்கு ஒரு புதுக் கவலை வரும். 2025 நிதியாண்டில் சாதாரண வீட்டுப் பராமரிப்புக்கு முதல் 60 நாள் நாளொன்றுக்குச் சுமார் 225 டாலர், பிறகு சுமார் 177. ஆறு மாதம் தங்குபவருக்கு ஊருக்கு ஊர் மாறும் கூலிக்கான சரிக்கட்டல் இல்லாமல் 34,740 டாலர் ஆகிறது. அதே ஆண்டின் ஒட்டுமொத்த வரம்போ (அதைத் தாண்டியதை ஹாஸ்பிஸ் மெடிகேருக்குத் திருப்பித் தர வேண்டும்) சராசரியாகத் தலைக்கு 34,465. பாதிப் பேர் மூன்று வாரத்துக்குள் இறந்துவிடும் துறையில் சராசரி தாங்கும். ஆனால் டிமென்ஷியா நோயாளிகள் அதிகம் உள்ள ஹாஸ்பிஸ், ஏசிஓ வழியாக வருபவர்களின் நோய்க் கலவையை மாதாமாதம் பார்க்க வேண்டும். ஏசிஓவும் இதையே பார்க்கும்: மூன்று நாள் தங்கியவர்களால் அவர்களுக்குச் சேமிப்பு இல்லை, ஓராண்டு தங்கியவர்களால் நட்டம்.

சொந்த ஏசிஓ பற்றி அளவோடுதான் சொல்லலாம். ரீச்சின் அதிகத் தேவைப் பிரிவு நமக்கென்றே தைத்தது போல் தெரியும்: ஆபத்து மதிப்பெண் (நோய்களை வைத்து எதிர்பார்க்கும் செலவின் அளவு; சராசரி 1.0) 3.0 அல்லது அதற்கு மேல், அல்லது 2.0 முதல் 3.0க்குள் இருந்து ஆண்டில் இரண்டு எதிர்பாராத அட்மிஷன், அல்லது தள்ளாமையின் அடையாளங்கள். ஆனால் நோயாளிகள் ஏசிஓவில் சேர்வது முதன்மைப் பராமரிப்பு டாக்டர் வழியாக. வீட்டுக்கே போய்ப் பார்க்கும் டாக்டர் குழு ஏற்கெனவே இல்லாதவர்கள் இதைத் தொடக்கூடாது என்பது எங்கள் கருத்து. நிதி உத்தரவாதமும் கட்ட வேண்டும். டாக்டர் குழு உள்ள பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதலாவது பயனாளிகள் பட்டியல். மாதமோ காலாண்டோ, மெடிகேர் எண்ணோடு வர வேண்டும். சேர்க்கை நாளிலேயே மென்பொருளில் குறி விழ வேண்டும். ஏசிஓ முன்கூட்டியே பட்டியல் பெறுகிறதா, ஆண்டிறுதியில் திருத்தப்படும் பட்டியலா என்றும் கேளுங்கள். பிந்தையது என்றால் ஜூனில் இருந்தவர் டிசம்பரில் பட்டியலில் இல்லாமல் போகலாம், அவருக்கான கட்டணம் யார் தலையில் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது மருத்துவமனைச் சேர்க்கை அறிவிப்பு. 2021 மே முதல் மருத்துவமனைகள் இதை அனுப்பக் கடமைப்பட்டவை என்றாலும், நம் மென்பொருளுக்குள் அது வந்து விழாவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போனவரைப் பற்றி அடுத்த விசிட்டில்தான் தெரியும். ரீச் ஏசிஓ நம் மெடிகேர் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு தானே தரும் முறையைக் கேட்டால், சிறு சதவீதத்தில் தொடங்கி, தாமதத்துக்கு வட்டியும் எழுதிக்கொள்ளுங்கள். விலகல் பிரிவில் 90 நாள் அறிவிப்போடு, அப்போது நம் கையில் இருக்கும் நோயாளிகளுக்கு மாதக் கட்டணம் தவணை முடியும் வரை தொடரும் என்ற வரியும் இருக்க வேண்டும்.