அமெரிக்கன் நதியில் ஸ்டீல்ஹெட்: பொரிப்பகமா, சரளைக்கல்லா, குளிர்ந்த தண்ணீரா?

ஜனவரி மாதக் காலை, கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்தில் அமெரிக்கன் நதி, சன்ரைஸ் பாலத்துக்குப் பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர். தூண்டிலில் சிக்கிய ஸ்டீல்ஹெட் மீன் வலைக்குள் வந்ததும் என் கை முதலில் அதன் முதுகுக்குத்தான் போகும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனியளவு ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இருந்தால் ஆற்றிலேயே பிறந்த மீன், தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் விட்டுவிட வேண்டும். வழவழவென்று தழும்பு மட்டும் தட்டுப்பட்டால் நிம்பஸ் மீன் பொரிப்பகத்தில் வளர்ந்து, அடையாளத்துக்காகத் துடுப்பு நறுக்கி விடப்பட்ட மீன். ஒரு நாளைக்கு இரண்டு வரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஸ்டீல்ஹெட் தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்தான் அது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் கட்டி வளர்த்தார்களே, அதே இனம். அங்கே ஓடைக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடுகிறது. இங்கே பசிபிக் வரை போய்ப் பெருத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி ஏறுகிறது.

ஏறுகிற மீனுக்கு இந்த ஆற்றில் பாதை சீக்கிரமே முடிந்துவிடும். 1955-ல் நிம்பஸ் அணை, அதற்கு ஏழு மைல் மேலே 1956-ல் ஃபோல்சம் அணை. மலையில் மீன்கள் முட்டையிட்டுவந்த நூறு மைலுக்கும் மேலான ஓடைகள் அதோடு அடைபட்டன. மிஞ்சியது நிம்பஸிலிருந்து சாக்ரமெண்டோ ஆற்றில் கலக்கும் இடம் வரை 23 மைல், அதுவும் நகரத்துக்கு நடுவே. இந்த 23 மைலை வைத்துக்கொண்டு ஸ்டீல்ஹெட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் இங்கே தூண்டில் போடுகிறவர்கள் ஆளுக்கொரு கட்சி. ஒவ்வொரு வழியையும் மற்றதோடு வைத்துப் பார்க்கலாம்.

பொரிப்பகம்: இப்போது இருக்கிற வழி

அடைபட்ட ஓடைகளுக்கு ஈடாகக் கட்டப்பட்டதுதான் நிம்பஸ் பொரிப்பகம். குளிர்காலத்தில் மீன் ஏணி (படிப்படியாகக் கட்டிய நீர்வழி) வழியாக ஏறிவரும் மீன்களிலிருந்து சினையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஏறத்தாழ ஒரு வருடம் வளர்த்து, அடுத்த பிப்ரவரி வாக்கில் ஆற்றில் விடுவார்கள். ஆண்டு இலக்கு சுமார் 4,30,000 குஞ்சுகள்.

அந்த ஒரு வருடம்தான் விஷயம். பொரிப்பகம் முட்டைக்குப் பாதுகாப்பு தருகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது செய்யும் பெரிய காரியம் குஞ்சைக் கோடை தாண்ட வைப்பதாகத் தெரிகிறது. இதே ஆற்றில் முட்டையிடும் சினூக் சால்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குஞ்சுகள் வசந்தத்திலேயே கடல் பக்கம் கிளம்பிவிடும், ஜூலை வெயில் அதற்குப் பிரச்சினை இல்லை. ஸ்டீல்ஹெட் குஞ்சு அப்படி இல்லை. ஒன்றிரண்டு கோடையை ஆற்றிலேயே கழித்த பிறகுதான் கடலுக்குப் போகும். முன்பு அந்தக் கோடையை மலை ஓடையின் குளிரில் கழித்தது. இப்போது சாக்ரமெண்டோவின் நாற்பது டிகிரி வெயிலுக்குக் கீழே கழிக்க வேண்டும்.

இதன் குறைகளும் சின்னவை இல்லை. நிம்பஸ் மீனின் வம்சம் இந்த ஆற்றுக்கே உரியதில்லை. ஆரம்ப காலத்தில் வடக்குக் கடலோரத்து ஈல் நதியிலிருந்து முட்டை கொண்டுவந்தார்கள், அந்த வழித்தோன்றல்தான் இன்றும் ஏணி ஏறுகிறது. அதனால்தான் 1998-ல், இந்த ஆறு ஓடும் மத்தியப் பள்ளத்தாக்கின் ஸ்டீல்ஹெட் அபாயத்தில் உள்ளதாகப் பட்டியலில் ஏறியபோது நிம்பஸ் மீனை அதில் சேர்க்கவில்லை. மனசுக்குக் கஷ்டமான இன்னொரு உண்மையும் உண்டு: மரபணுவைப் பார்த்தால் அணைக்குக் கீழே துடுப்போடு பிடிபடும் மீன்களும் பெரும்பாலும் அதே ஈல் வம்சத்தின் பேரப்பிள்ளைகள்தான். நான் பத்திரமாகத் திருப்பிவிடும் 'காட்டு மீன்' உண்மையில் பொரிப்பகத்தின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையாக இருக்கலாம்.

அப்புறம், வளர்ப்புச் சூழலே மீனை மாற்றிவிடுகிறது. ஒரேகானின் ஹூட் நதியில் ஸ்டீல்ஹெட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இயற்கையாகச் சந்ததி பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. தொட்டியில் நன்றாகப் பிழைக்கிற குணங்கள் ஆற்றில் உதவுவதில்லை.

பொரிப்பகத்தை மூடிவிட்டால்?

இந்தக் கட்சிக்காரர்கள் மேற்கோள் காட்டுவது வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் நதியை. 2014-ல் வழக்கு ஒன்றின் சமரசத்தில், அங்கே 12 வருடத்துக்குப் பொரிப்பக ஸ்டீல்ஹெட் விடுவதில்லை என்று முடிவானது. ஆற்றிலேயே பிறந்த மீன்களை நம்பி 2018-ல், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடும் தூண்டில் பருவத்தை மறுபடி திறந்தார்கள். மொன்டானா இன்னும் முன்பே, 1974-ல், இயற்கையான ட்ரவுட் இருக்கும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதையே நிறுத்திவிட்டது. அங்கே ஆறுகள் கெட்டுப்போகவில்லை, மீன் பெருகியது.

எனக்கு இந்த வாதத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஸ்காஜிட்டையும் அமெரிக்கன் நதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்காஜிட்டுக்குப் பின்னால் நார்த் காஸ்கேட்ஸ் மலையின் பனிப்பாறைகள், பக்கத்திலேயே சாக் என்ற அணையில்லாத துணை நதி. ஆகஸ்டிலும் ஜில்லென்று தண்ணீர் வரும். குஞ்சுகள் ஒதுங்க ஏகப்பட்ட ஓடைகள். அமெரிக்கன் நதியின் 23 மைலில் ஒதுங்கச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு குளிர் ஓடை கிடையாது. அங்கே மூடியதை இங்கேயும் மூடலாம் என்பது பல்லைப் பிடுங்கினோம் என்பதற்காகக் கண்ணையும் பிடுங்கச் சொல்வது போல.

சரளைக்கல்

அணை தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை, கல்லையும் நிறுத்திவிட்டது. மீன் முட்டையிட எலுமிச்சை அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை கலந்த சரளை வேண்டும். வெள்ளம் அந்தக் கல்லைக் கீழே தள்ளிக்கொண்டே போகிறது, மேலிருந்து புதுக் கல் வருவதில்லை. அதனால் 2008 முதல் செய்லர் பார் போன்ற இடங்களில் லாரி லாரியாகச் சரளை கொட்டி, பக்கக் கால்வாய்களும் வெட்டுகிறார்கள்.

புதுக் கல் கொட்டிய இடத்தை ஒரு குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள். பாசி பிடித்த கருங்கல் நடுவே வெளுத்த ஒரு திட்டு தெரியும். வாலால் அடித்து மீன் தோண்டிய முட்டைக்குழி அது. கரையில் நின்றே பார்க்கலாம். தயவுசெய்து அந்தத் திட்டின் மேல் கால் வைத்து நடக்காதீர்கள், அடியில் முட்டை இருக்கும்.

இந்த வேலை மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனாலும் சரளை முட்டைக்குத்தான் இடம் தருகிறது, பொரித்த குஞ்சுக்கு ஜூலை மாதத்தைத் தரமுடியாது. சினூக்குக்கு இது முழு மருந்துக்குப் பக்கத்தில் வரும். ஸ்டீல்ஹெட்டுக்குப் பாதி மருந்து.

தண்ணீர்

இந்த மூன்று கட்சிகளும் கடைசியில் வந்து முட்டுகிற இடம் ஃபோல்சம் ஏரியின் அடித்தட்டு. குளிர்காலத் தண்ணீர் கீழே தங்கும், கோடையில் மேல்மட்டம் சூடாகும். மின்நிலையத்துக்குப் போகும் குழாய்களின் முன் அடுக்கடுக்கான அடைப்புக் கதவுகள் உண்டு. எதைத் தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எந்த ஆழத்துத் தண்ணீர் ஆற்றுக்கு வரும் என்பது மாறும். ஸ்டீல்ஹெட் குஞ்சுக்குக் கோடையில் 18 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க வேண்டும். சினூக் முட்டைக்கு இலையுதிர் காலத்தில் 13. குளிர்நீரை ஜூலையிலேயே செலவழித்தால் நவம்பரில் சினூக்குக்கு இருக்காது. சேமித்தால் ஸ்டீல்ஹெட் குஞ்சு வேகும்.

ஃபோல்சம் பெரிய ஏரியும் இல்லை. நம் கணக்கில் சுமார் 42 டி.எம்.சி., மேட்டூரில் பாதிகூட வராது. குளிர்காலத்தில் வெள்ளத்துக்காக இடம் காலியாக வைக்க வேண்டும். சாக்ரமெண்டோ ஆறு கடல் பக்கம் போய்ச்சேரும் டெல்டாவில் உப்புநீர் ஏறினால் முதலில் கூப்பிடுவதும் இதைத்தான். வடக்கே உள்ள ஷாஸ்டா அணையிலிருந்து தண்ணீர் அங்கே போய்ச்சேர ஐந்து நாள், இங்கிருந்து ஒரே நாள்.

பொரிப்பகமும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. 2014 வறட்சியில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. ஏரி இறங்கி, வரும் தண்ணீர் குஞ்சுகள் தாங்கமுடியாத அளவு சூடாகும் என்று தெரிந்ததும், 4,30,000 குஞ்சுகளையும் ஆறு மாதம் முன்னதாகவே ஆற்றில் விட ஆரம்பித்தார்கள். கோடையைத் தாண்டவைக்கக் கட்டிய இடமே கோடையைத் தாண்டவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்துதான் 'பொரிப்பகமா, காட்டு மீனா' என்ற சண்டையில் என் ஆர்வம் குறைந்தது.

அணைக்கு மேலே மீனை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விடும் யோசனையையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் நியாயமான தீர்வு. ஆனால் மேலே ஏற்றுவதைவிட, கடலுக்கு இறங்கும் குஞ்சுகளை இவ்வளவு பெரிய ஏரியில் சேகரிப்பதுதான் கடினம். என் காலத்தில் நடக்கும் என்று தோன்றவில்லை.

எதற்கு என் கை உயரும்

சரி, எது வேண்டும் என்று கேட்டால்: பொரிப்பகம் இருக்கட்டும், ஆனால் ஈல் வம்சத்தை மாற்றுங்கள். பக்கத்து மொக்கலம்னி நதிப் பொரிப்பகமும் ஒரு காலத்தில் நிம்பஸிலிருந்து முட்டை வாங்கியதுதான். பிறகு மத்தியப் பள்ளத்தாக்கின் ஃபெதர் நதி வம்சத்துக்கு மாறிக்கொண்டது. நமக்கும் முடியும். தூண்டில்காரர்களில் சிலருக்கு இதில் வருத்தம் இருக்கும், ஈல் வம்ச மீன் பெரிது, எட்டு பத்து பவுண்டு வரை வரும். பள்ளத்தாக்கு மீன் பொதுவாகச் சின்னது. எனக்குச் சின்ன மீன் போதும், அது இந்தப் பள்ளத்தாக்கின் மீனாக இருந்தால்.

அதைவிட முன்னால், ஃபோல்சமின் குளிர்நீருக்காகக் குரல் கொடுக்க வேண்டும். ஏரியில் எவ்வளவு தண்ணீரோடு கோடைக்குள் நுழைகிறோம், கதவுகளை எப்போது தூக்குகிறோம் என்பதற்கு வசந்தத்திலேயே திட்டம் போடுகிறார்கள். வம்சம், கல், ஏணி எல்லாவற்றுக்கும் பொதுக்கூட்டத்தில் வரிசையில் நின்று பேசுகிற நம் ஆட்கள், அந்த மே மாதக் கணக்கு பேசப்படும் அறையில் நாலு பேர்கூட இருப்பதில்லை. இந்த வருடம் நான் போகிறேன்.