நிறுத்துவதா, தள்ளிப்போடுவதா, ஓட்டிவிடுவதா: செப்டம்பரில் ஒரு பிட்சரின் கை

2012 செப்டம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு எல்லாம் கைகூடி வந்துகொண்டிருந்தது. அந்த ஊர் அணி பேஸ்பால் பிளேஆஃபை, அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளை, கடைசியாகப் பார்த்தது 1933-இல். இப்போது கதவு திறந்துவிட்டது, கையில் ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க் என்ற 24 வயதுப் பிட்சரும் (பந்து வீசுபவர்) இருந்தார். அந்த சீசனில் அவர் கணக்கில் 15 வெற்றி, 197 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). செப்டம்பர் 8 அன்று நிர்வாகம் அவரிடம், "இந்த வருடத்துக்குப் போதும், உட்கார்" என்றது. அவர் கையில் அப்போது ஒரு கோளாறும் இல்லை.

காரணம் இரண்டு வருடப் பழையது. 2010 செப்டம்பரில் ஸ்டிராஸ்பர்குக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கையில் கிழிந்துபோன நாருக்குப் பதில், உடம்பின் வேறொரு இடத்திலிருந்து எடுத்த நாரை வைத்துக் கட்டுவார்கள். திரும்பி ஆட ஒரு வருடத்துக்குமேல் ஆகும். திரும்பிய பிறகு முதல் முழு சீசனில் எத்தனை இன்னிங்ஸ் (மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ்) வீசலாம் என்பதுதான் சண்டை. ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸோ ஏறக்குறைய 160 என்று மனதில் வைத்திருந்தார். முந்தைய வருடம் இதே சிகிச்சை முடிந்து வந்த ஜோர்டான் சிம்மர்மனையும் அவர் 161 இன்னிங்ஸில் நிறுத்தியிருந்தார், அடுத்த வருடம் அவர் நன்றாகவே ஆடினார். ஆக, ஸ்டிராஸ்பர்க் 159 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் முடித்ததோடு கடை சாத்தப்பட்டது.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. சீசன் முடிவில் மேஜர் லீகிலேயே அதிக வெற்றி நேஷனல்ஸுக்குத்தான், 98. முதல் பிளேஆஃப் சுற்றில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். ஐந்தாவது, தீர்மானிக்கும் ஆட்டத்தில் 6-0 என்று முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-5. இரண்டு அவுட் விழுந்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் போதும் என்ற நிலை இரண்டு பேட்டர்களிடம் வந்தது, இருவருமே வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கிப் போனார்கள். பிறகு கார்டினல்ஸின் டெஸ்கால்ஸோ ஒரு அடி, கோஸ்மா ஒரு அடி. 9-7. "ஸ்டிராஸ்பர்க் இருந்திருந்தால்" என்ற வாக்கியம் அன்றிரவு பிறந்தது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டிராஸ்பர்க் இடத்துக்கு வந்தவர் என்று சொல்லத்தக்க ராஸ் டெட்வைலர், நான்காவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸில் ஒரே ரன்தான் கொடுத்தார், அதுவும் பிழையால் வந்தது. அடி வாங்கியவர்கள் அணியின் நிரந்தரப் பிட்சர்களான சிம்மர்மனும் எட்வின் ஜாக்சனும். கடைசி ஆட்டத்தை விட்டதும் புல்பென்தான், அதாவது நடுவில் வந்து வீசும் மாற்றுப் பிட்சர்கள். ஸ்டிராஸ்பர்க் இருந்தாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் முடிப்பாளர் ட்ரூ ஸ்டோரன்தான் வீசியிருப்பார்.

அந்த ஐந்தாவது ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எதிரணிக்காக ஆட்டத்தைத் தொடங்கிய ஆடம் வெய்ன்ரைட்டும் டாமி ஜான் முடித்து வந்தவரே. 2011 பிப்ரவரியில் சிகிச்சை, அந்த சீசன் முழுக்க ஓய்வு, 2012-இல் வரம்பு எதுவும் இல்லாமல் 32 ஆட்டம், 198 இன்னிங்ஸ். அன்றைக்கு அவர் மூன்றாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை, ஆறு ரன்னும் அவர் கணக்கில்தான். கையைக் காப்பாற்றிய அணி தோற்றது, காப்பாற்றாத அணி ஜெயித்தது. ஆனால் காப்பாற்றாத கையால் ஜெயிக்கவில்லை. அடுத்த வருடம் வெய்ன்ரைட் 241 இன்னிங்ஸ் வீசி 19 ஆட்டம் ஜெயித்தார். அதற்காக வரம்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. வெய்ன்ரைட்டுக்கு அப்போது வயது 31, பல வருடம் 200 இன்னிங்ஸுக்குமேல் வீசிப் பழகிய உடம்பு. ஸ்டிராஸ்பர்க் அதுவரை ஒரு முழு சீசனைக்கூடக் கண்டதில்லை.

மூன்றாவது வழி அதே வருடம், அதே பிரிவில் நடந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அட்லாண்டா பிரேவ்ஸின் கிரிஸ் மெட்லெனுக்கு ஸ்டிராஸ்பர்குக்குச் சற்று முன்பு, 2010 ஆகஸ்டில் இதே சிகிச்சை. பிரேவ்ஸ் அவரை ஜூலை வரை புல்பெனில் வைத்து, ஒன்றிரண்டு இன்னிங்ஸாக வீச வைத்தது. ஜூலை 31 அன்றுதான் முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்க விட்டது. அதன்பின் 12 ஆட்டம், 9 வெற்றி, ஒரு தோல்வி இல்லை, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி ஒரு ரன்னுக்கும் கீழே. மொத்தம் 138 இன்னிங்ஸ். அக்டோபர் வந்தபோது கையில் பாக்கி இருந்தது.

பலன்? பிரிவில் முதலிடம் கிடைக்காத அணிகளுக்கான, ஒரே ஆட்டத்தில் முடிவாகும் வைல்ட் கார்டு போட்டியில் மெட்லென்தான் தொடங்கினார். சிப்பர் ஜோன்ஸின் ஒரு தவறான த்ரோ, அதைத் தொடர்ந்து மூன்று ரன், பிறகு அந்தப் புகழ்பெற்ற இன்ஃபீல்டு ஃப்ளை தீர்ப்பு (பிடிபடாமல் விழுந்த பந்துக்கும் பிரேவ்ஸ் பேட்டர் அவுட்), மைதானத்துக்குள் பறந்து வந்த பாட்டில்கள். கார்டினல்ஸிடம் 6-3 தோல்வி. 2014 மார்ச்சில் மெட்லெனுக்கு இரண்டாவது முறையும் டாமி ஜான். ஆக, தள்ளிப்போட்டதும் கையைக் காப்பாற்றவில்லை, கோப்பையும் தரவில்லை. ஆனாலும் முடிவை வைத்து முறையைத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆட வேண்டிய நாளில் ஆட வேண்டியவன் களத்தில் இருந்தான், அணி செய்யக்கூடியது அவ்வளவுதான்.

நம்மூர் வாசகர்களுக்குச் சட்டென்று புரிய ஓர் ஒப்புமை: 2025 இங்கிலாந்து தொடரில் ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் பும்ரா என்பது தொடருக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. எந்த மூன்று என்பதில் சண்டை போடலாம், கணக்கே கடைசி வாரத்தில்தான் போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நியூயார்க் மெட்ஸ் 2015-இல் செய்தது இதற்கு நேர் எதிர். மேட் ஹார்விக்கு 2013 அக்டோபரில் சிகிச்சை, 2014 முழுக்க ஓய்வு. 2015 செப்டம்பர் தொடக்கத்தில், 166 இன்னிங்ஸ் வீசியாகிவிட்ட நேரத்தில், அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ் "180-தான் வரம்பு, மருத்துவர் சொன்னது" என்று பத்திரிகைகளிடம் சொன்னார். ஸ்டிராஸ்பர்குக்கும் அவர்தான் ஏஜென்ட் என்பதைக் கவனியுங்கள். அணிக்கும் ஏஜென்டுக்கும் நடுவே ஹார்வி ஒரு நாள் மழுப்பினார், மறுநாள் "பிளேஆஃபில் வீசுவேன்" என்று தன் பெயரிலேயே எழுதினார். செப்டம்பர் 20 அன்று யாங்கீஸுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஹிட் கொடுத்து 1-0 முன்னிலையில் இருந்தவரைக் கணக்குப் பார்த்து வெளியே எடுத்தார்கள். ஆட்டம் 11-2 என்று போயிற்று. அரை மனதோடு காப்பாற்றினால் இப்படித்தான்: அன்றைய ஆட்டமும் போனது, கையும் மிச்சமாகவில்லை. வழக்கமான சீசனில் 189 இன்னிங்ஸ், பிளேஆஃபில் 26-க்குமேல். மொத்தம் 216.

அந்த 216-இன் கடைசித் துளிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நவம்பர் 1, வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம், மெட்ஸின் சிட்டி ஃபீல்டு மைதானம். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 3-1 என்று முன்னிலை, அன்று தோற்றால் மெட்ஸுக்கு எல்லாம் முடிந்தது. ஹார்வி எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை, ஒன்பது ஸ்டிரைக்அவுட். மெட்ஸ் 2-0. ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிப்பாளர் ஹூரிஸ் ஃபமிலியாவுக்கு என்று மேனேஜர் டெரி காலின்ஸ் முடிவு செய்திருந்தார். தகவல் டக்அவுட்டில் ஹார்வியை எட்டியதும், அவர் பிட்சிங் கோச்சைப் பார்த்து முடியாது என்று தலையாட்டினார், பிறகு நேராகக் காலின்ஸிடமே போய்விட்டார். அந்த வாக்குவாதத்தைக் கேமரா அப்படியே காட்டியது. வெளியே அரங்கம் முழுக்க ஹார்வி பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. காலின்ஸ் இறங்கி வந்தார், ஹார்வி ஓட்டமாகப் பிட்சர் மேட்டுக்குப் போனார்.

லோரன்ஸோ கெய்னுக்கு ஒரு வாக். கெய்ன் இரண்டாவது பேஸைத் திருடினார். எரிக் ஹாஸ்மர் இடப்பக்கம் ஒரு டபுள், 2-1. இப்போது ஃபமிலியா வந்தார், மேலும் ஒரு ரன் வந்து 2-2. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் ஐந்து ரன் குவித்தது, 7-2, கோப்பை அவர்களுக்கு. அன்றிரவே காலின்ஸ் தன் உள்ளுணர்வை மனசு ஜெயித்துவிட்டது என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். நான் அவரை ரொம்பத் திட்டமாட்டேன். சமன் செய்த ரன் வந்தது ஃபமிலியா வீசும்போதுதான், அதுவும் முதல் பேஸைக் காத்து நின்ற மெட்ஸ் ஃபீல்டர் டூடா ஹோமுக்கு எறிந்த பந்து விலகிப் போனதால். ஆனால் ஹார்வியை அனுப்பியதைவிட, முதல் ஆள் வாக்கில் போன பிறகும் அவரையே விட்டுவைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. உணர்ச்சிக்கு ஒரு பேட்டர் வரை இடம் கொடுக்கலாம். அடுத்த வருடம் ஹார்வி 4 வெற்றி, 10 தோல்வி, ஜூலையில் தோள்பட்டைப் பக்கம் நரம்பு நெருக்கத்துக்கு அறுவை சிகிச்சை. 2018 மே மாதம் மெட்ஸிலேயே இடமில்லை.

எதிரணி டக்அவுட்டில் அன்று நின்றவர் நெட் யோஸ்ட். 2008-இல் மில்வாக்கி புரூவர்ஸ் மேனேஜராக இருந்து, சீசன் முடிய 12 ஆட்டமே இருக்கும்போது வேலையிழந்தவர். அந்த 2008 புரூவர்ஸ்தான் என்னுடைய கடைசி உதாரணம்.

ஜூலை 7 அன்று, வர்த்தகக் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே, புரூவர்ஸ் கிளீவ்லாந்திடமிருந்து சி.சி. சபாத்தியாவை வாங்கியது. அக்டோபரோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது, அதன் பிறகு அவர் எங்கே போவார் என்று எல்லோருக்கும் தெரியும்: காசு இருக்கும் இடத்துக்கு. பேஸ்பாலில் இப்படி வாங்கும் ஆளை வாடகை ஆள் என்பார்கள். வாடகை ஆள் 17 ஆட்டத்தில் 11 வெற்றி, 2 தோல்வி, ஏழு ஆட்டத்தைத் தானே முழுக்க வீசி முடித்தார். கடைசி மூன்று முறை வழக்கமான நான்கு நாள் ஓய்வுகூட இல்லாமல் மூன்றே நாளில் திரும்பி வந்தார். செப்டம்பர் 28, கடைசி நாள், கப்ஸுக்கு எதிராக 3-1, மறுபடி முழு ஆட்டம். அதே நாளில் மெட்ஸ் தோற்றது. 1982-க்குப் பிறகு மில்வாக்கிக்கு முதல் பிளேஆஃப்.

நான்கு நாள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் எதிரணியின் விக்டோரினோ சபாத்தியாவிடம் கிராண்ட்ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அடித்தார், நான்காவது இன்னிங்ஸ்கூட முடியவில்லை. களைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கை உடையவில்லை. டிசம்பரில் யாங்கீஸ் ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்தது, 2009-இல் அங்கே கோப்பை, 2025-இல் ஹால் ஆஃப் ஃபேம். கிளீவ்லாந்துக்கோ, சபாத்தியாவுக்கு ஈடாகக் கிடைத்தவர்களில், பெயர் பிறகு சொல்லப்படும் என்று விட்டுவைத்த இடத்தில் வந்த மைக்கேல் பிரான்ட்லி, பின்னாளில் ஐந்து முறை ஆல்ஸ்டார் ஆனார்.

இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மருத்துவத்தைவிட ஒப்பந்தம்தான் அதிகம் பேசுகிறது. ஸ்டிராஸ்பர்க் இன்னும் நான்கு வருடம் நேஷனல்ஸின் கட்டுப்பாட்டில் இருந்தார், ஆகவே அக்கறை. சபாத்தியாவின் அடுத்த வருடம் வேறு யாருடைய தலைவலியோ, ஆகவே மூன்று நாள் ஓய்வு போதும் (அவரே முன்வந்து கேட்டார் என்பதும் உண்மை). இந்தக் கணக்கில் பொருந்தாதது மெட்ஸ் மட்டும்தான். ஹார்வி 2018 வரை அவர்களுடைய ஆள். இருந்தும் வாடகை ஆளைப் போல ஓட்டினார்கள், நடுவில் சொந்த ஆளைப் போலப் பொத்தினார்கள். அதனால்தான் இந்த வரிசையில் அவர்களுக்குக் கடைசி இடம் கொடுக்கிறேன்.

இன்றைக்கு இந்தத் தேர்வு இன்னும் இறுக்கமாகிவிட்டது. 2019 வரை செப்டம்பரில் 40 பேர் வரை அணியில் வைக்கலாம், புல்பெனை நிரப்பி ஒருவரை ஒளித்துவைப்பது சுலபம். 2020 முதல் 28 பேர்தான், அதில் பிட்சர்கள் 14 பேருக்கு மேல் கூடாது என்பது 2022 முதல். ஆகஸ்டிலும் ஆள் வாங்க உதவிய பழைய பின்வாசல் 2019-லேயே மூடப்பட்டுவிட்டது. ஒரு கைக்கு ஓய்வு கொடுத்தால் அந்தப் பாரம் மற்ற 13 கைகளில் இறங்கும்.

ஸ்டிராஸ்பர்க்கின் பின்கதையை இரு தரப்பும் எடுத்துக்கொள்கிறார்கள். 2019-இல் பிளேஆஃபில் ஐந்து வெற்றி, வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர், "பார்த்தாயா, காப்பாற்றினோம்." உடனே ஏழு வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் அவர் வீசியது மொத்தம் எட்டு ஆட்டம், "பார்த்தாயா, எப்படியும் உடைந்தது." அவருக்கும் வந்தது ஹார்விக்கு வந்த அதே நரம்பு நெருக்கம்தான். 2012-இல் கூடுதலாக நாற்பது இன்னிங்ஸ் வீசியிருந்தால் இதில் எது மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்றியிருக்கக்கூடியது நாட்காட்டி மட்டும். 28 ஆட்டத்தில் 159 இன்னிங்ஸ் என்றால் ஆட்டத்துக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரலில் தொடங்காமல் மே நடுவில் இறக்கியிருந்தால் ஏழெட்டு ஆட்டம், சுமார் 45 இன்னிங்ஸ் மிச்சம். அது செப்டம்பரை ஓட்டி, கார்டினல்ஸுக்கு எதிராக இரண்டு ஆட்டத்துக்கும் தாங்கும். சீராக ஐந்து நாளுக்கொரு முறை வீசுவதே பாதுகாப்பு என்ற ரிஸோவின் வாதமும் இதில் அடிபடாது, தொடக்க நாள் மட்டும்தான் தள்ளிப்போகும். எதிர்வாதமும் வலுவானதுதான்: நேஷனல்ஸ் பிரேவ்ஸைப் பிரிவில் முந்தியது நான்கே ஆட்டத்தில். ஏப்ரலில் ஸ்டிராஸ்பர்க் இல்லாமல் ஐந்தைக் கோட்டைவிட்டிருந்தால், அந்த ஒற்றை வைல்ட் கார்டு ஆட்டத்தில் மெட்லெனுக்குப் பதில் இவர்கள் நின்றிருப்பார்கள். சரி, நிற்கட்டும். அந்த ஆட்டத்தைத் தொடங்க ஸ்டிராஸ்பர்க் இருந்திருப்பார்.